பறவைப் பந்தி

"கடைசி எலைக்கு வந்துச்சா?"

ஒரு மீன்கொத்தியைக் குறித்து இப்படியொரு கேள்வியைக் கேட்க முடியும் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லையை நெருங்கும் ஓர் ஏரிக்கரை. காலைப் பனி இன்னும் தண்ணீரின்மேல் படுத்திருக்கும். ஆலைத் தொழிலாளர்கள் கரையில் வரிசையாக நிற்பார்கள். எங்களிடம் இருந்த ஒரே பைனாகுலர் கைமாறிக் கைமாறி வரிசையின் மறுகோடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அது போய்ச் சேரும்வரை அவர் நகர மாட்டார்; மற்றவர்களையும் நகர விட மாட்டார். கோடியில் நிற்பவரை நோக்கிக் கழுத்தை நீட்டி, சாம்பார் வாளியைக் கையில் பிடித்திருப்பவரைப் போலக் குரல் கொடுப்பார். "வந்துச்சு மேஸ்திரி" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த பறவை.

அவர் எங்கள் ஆலையின் கேன்டீன் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் மேஸ்திரி. ஆலைக்கு வருவதற்கு முன்பு எல்லையின் இரு புறமும் கல்யாண வீடுகளில் பரிமாறும் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். பருத்த உடம்பு, ஆனால் இரண்டு இலைவரிசைகளுக்கு நடுவே நடந்து பழகியதால், பரந்த வெளியிலும் பக்கவாட்டில்தான் நடப்பார். தோளில் ஈரிழைத் துண்டு, கையில் ஒரு நீளக் கரண்டி. காட்டுக்கு வந்தாலும் அந்தக் கரண்டி கூடவே வரும். பறவையை விரலால் சுட்டிக்காட்ட மாட்டார், கரண்டியால்தான் காட்டுவார். "கைய நீட்டினா அது பறக்கும் சார். கரண்டிய நீட்டிப் பாருங்க, என்னா போடறான்னு நின்னு பாக்கும்" என்பது அவருடைய விளக்கம். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. பறவைகள் இரண்டுக்கும் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. சமூகப் பணியில் பட்டம் முடித்துவிட்டு, தொழிலாளர் நல அலுவலராக நான் அங்கே சேர்ந்திருந்தேன். ஓசூர் அப்போது மாதத்துக்கு மாதம் பெருத்துக்கொண்டிருந்த ஊர். விருதுநகரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து, ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சீட்டாட்டம் அல்லது சினிமா. இரண்டும் முடிந்தால் சண்டை. மனிதனுக்கு உழைப்பைப் போலவே ஓய்வும் கண்ணியமாக அமைய வேண்டும் என்று நான் நம்பினேன். மாதம் ஒரு ஞாயிறு கம்பெனி பஸ்ஸை வாங்கிக்கொண்டு, ஏரிக்கும் காட்டோரத்துக்கும் பறவை பார்க்க அழைத்துப்போகும் திட்டம் அப்படித்தான் பிறந்தது. பறவைகளின் படம் போட்ட புத்தகம் ஒன்றும், சிற்றப்பா கொடுத்த பைனாகுலர் ஒன்றும் என்னிடம் இருந்தன. வழிகாட்டி நான்தான் என்று எண்ணியிருந்தேன்.

மேஸ்திரி அந்த முதல் நடைக்கு வந்தது உப்புமா அண்டாவுக்குத் துணையாக மட்டுமே. புத்தகத்தை விரித்து, நீர்ப்பறவைகளின் குடும்பங்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னாலிருந்து ஒரு கூச்சல்: "சூடு! சூடு!"

காபித் தூக்குவாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, காபி இல்லப்பா! சூடு... பாரு, பாரு! அங்க பாரு!"

அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெலுங்கில் சூடு என்றால் பார். நிதானமாக இருக்கும்போது தமிழ், கடைக்காரரிடம் கன்னடம். ஆச்சரியம் வந்தால் மட்டும் தெலுங்கு பீறிட்டுக்கொண்டு வரும். அன்று அவர் காட்டியது, ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி நின்ற வெள்ளைப் பறவை ஒன்றை. நீண்ட அலகின் நுனி தட்டையாக அகன்றிருந்தது. அதைத் தண்ணீரில் முக்கி, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே அது நடந்தது.

"கரண்டிவாயன்" என்றேன் புத்தகத்தைப் பார்த்து.

"கரண்டியா! அப்பிடின்னா நம்ம டிபார்ட்மென்ட்டு சார் அது!" என்று அவர் மகிழ்ந்த மகிழ்ச்சியை என்னால் விவரிக்க முடியாது. "கிண்டறதப் பாருங்க. அடி பிடிக்காம கிண்டுது."

என் வகுப்பு அத்தோடு கலைந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவரே வழிகாட்டி; நான் புத்தகம் சுமப்பவன்.

பறவைகளின் பெயர்களில் அவர் நம்பத் தகுந்தவர் அல்லர். முக்குளிப்பானுக்கு அவர் வைத்த பெயர் போண்டா. எண்ணெயில் போட்ட போண்டாவைப் போல் முங்கி எழுகிறதாம். வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உண்ணிக்கொக்குகள் இட்லித்தட்டு. நான் திருத்தினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அடுத்த நிமிடம் மறுபடியும் போண்டா. ஆனால் எந்தக் கரையில் எந்த வெயிலில் எது வந்து நிற்கும் என்று அவருக்கு ஒரு கணிப்பு உண்டு. அது பத்துக்கு ஆறு தடவை தப்பும். தப்பினால், "இன்னிக்கு அதுக்கு வேற எங்கியோ விருந்து" என்பார்.

எந்த நிலையிலும் தப்பாதது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

அதன் வேர் எங்கே என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டேன். கல்யாண வீட்டில் முதல் இலைக்காரர்களை யாரும் மறக்க மாட்டார்கள் என்றார். அவர்கள் சம்பந்திகள், பெரிய மனிதர்கள். வாளி அங்கிருந்துதான் புறப்படும். கடைசி இலையை எட்டும்போது வாளியில் அப்பளத் தூள்தான் இருக்கும், அல்லது வாளியே எட்டாது. "அங்க குந்தினவன் எதுவும் சொல்ல மாட்டான் சார். சொன்னா மானக்கேடுன்னு மோரை ஊத்திக்கிட்டு எந்திரிச்சிருவான். அதனால நான்தான் கேக்கணும். பரிமாறறவன் வேலையே அதான். மத்தது பூராவும் வாளி தூக்கற வேலை."

இந்தக் கொள்கைக்காக அவர் அவமானப்பட்டதும் உண்டு. பெங்களூரிலிருந்து பறவை ஆர்வலர் ஒருவர் ஒருநாள் எங்களோடு வந்தார். காலைக்குள் இத்தனை வகை பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கோடு வந்தவர். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைக்குள்ளிருந்து வெளிப்பட்டது. பைனாகுலர் வரிசையின் பாதியை எட்டுவதற்குள் அது உள்ளே போய்விட்டது. மேஸ்திரி, "குந்துங்க எல்லாரும். கடைசி ஆளுங்களுக்கு இன்னும் வரல" என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வந்தவர் பொறுமை இழந்து, இப்படிப் போனால் ஒரு பறவையைத்தான் பார்க்க முடியும் என்றார்.

"ஒண்ணுதான் சார். ஆனா எல்லாரும் பாத்திருப்பாங்க" என்றார் மேஸ்திரி.

வந்தவர் கோபித்துக்கொண்டு தனியாக நடந்து போனார். நான் இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தேன். அறிவு வளர வேண்டுமானால் விரைவும் வேண்டும் என்பது என் கட்சி. அன்று தாழைக்கோழி மறுபடி வெளியே வந்ததும், வரிசையின் பின்பாதி முழுவதும் ஒரே குரலில் "வந்துச்சு!" என்று கூவியதும், அது பதறியடித்துப் பறந்ததும் என் கட்சியைக் கொஞ்சம் பலவீனப்படுத்தின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஒருமுறைகூட பைனாகுலரைத் தன் கண்ணில் வைத்ததில்லை. நீட்டினால், "பரிமாறறவன் கடைசிலதான் குந்துவான்" என்று தள்ளிவிடுவார். கடைசி என்பது அவருக்கு வந்ததே இல்லை. அதற்குள் பஸ் புறப்படும் நேரம் வந்துவிடும்.

வரிசையின் கடைசியில் எப்போதும் நிற்பவர் ஒருவர் இருந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். எங்கள் வார்ப்படப் பிரிவில், தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனை இயக்குபவர். கூரைக்கு அடியில் ஒரு சிறு கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவர் காட்டும் கைச்சாடையைப் பார்த்து, கொக்கியில் தொங்கும் இரும்பை இடம் மாற்ற வேண்டும். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கான மருத்துவச் சோதனையும் உத்தரவும் அந்தத் தை மாதத்தில் வர இருந்தன. ஊரில் அவருடைய சம்பாத்தியத்தை நம்பித் தாயும் இரண்டு தங்கைகளும். மென்மையான மனிதர். ஒரு நடையையும் தவறவிட மாட்டார்.

"கடைசி எலைக்கு வந்துச்சா?" என்று மேஸ்திரி கேட்டால், "வந்துட்டு அண்ணாச்சி! நல்லாத் தெரியுது. கழுத்துல வெள்ளைப் பட்டை கெடக்கு" என்று விவரத்தோடு பதில் சொல்வார். அந்த வெள்ளைப் பட்டையை அவருக்கு முன்னால் நின்றவர் ஏற்கெனவே உரக்கச் சொல்லியிருப்பார் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அந்த மார்கழியில் சானமாவுக் காட்டின் ஓரத்துக்குப் போனோம். யானைகள் வந்துபோகும் காலம் என்பதால் காட்டுக்குள் நுழைவதில்லை. வனக்காவலர் காட்டிய இடத்தோடு நின்றுவிடுவோம். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் அறுவடைக்கு நின்ற ராகி வயல், நடுவில் ஒரு புளியமரம். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தால் பறவையை யார் பார்ப்பது என்று, மேஸ்திரி எங்களை இரண்டு பந்தியாகப் பிரித்தார். முதல் பந்தி மரத்தடியில் உட்கார்ந்தது. இரண்டாவது பந்திக்காரர்கள் மந்தாரை இலையைக் கையில் வாங்கிக்கொண்டு வயலோரமாக உலவினோம். நானும் கிரேன்காரரும் இரண்டாவது பந்தி. பசி எங்களுக்குக் கண்ணைக் கட்டியது.

வயலுக்கு நடுவே பரண்மேல் காவல் இருந்த விவசாயி திடீரென்று எழுந்து நின்று, தகரத்தைத் தட்டிக் கத்தினார்.

"அடவி பந்தி! அடவி பந்தி! ஒஸ்துந்தி!"

தெலுங்கு தெரிந்தவர்கள் ஒரே பாய்ச்சலில் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. அடவி பந்தி காட்டுப்பன்றி; ஒஸ்துந்தி, வருகிறது. எங்கள் விருதுநகர் நண்பர் காதில் அது வேறு விதமாக விழுந்தது.

"அடுத்த பந்தி கூப்பிடுதாக. வாங்க சார்" என்றார் மலர்ந்த முகத்தோடு.

நான் என்ன ஏது என்று திரும்புவதற்குள் அவர் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்துவிட்டார். எதிரே, புதர் ஓரத்தில், ராகிக்குள்ளிருந்து வெளியேறிக் கறுப்பாக, உருண்டு திரண்டு அது நின்றது. பத்தடி தூரம் இருக்கலாம். அவர் நேராக அதனிடம் போய், இலையை நீட்டி, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, எனக்குக் கெட்டிச் சட்னி கொஞ்சம் கூட வைங்க."

அந்தப் பன்றிக்கும் இப்படியொரு விண்ணப்பம் அதற்கு முன்பு வந்திருக்காது. அது அசையாமல் அவரைப் பார்த்தது. அவரும் அசையாமல் நின்றார். அப்போது புளியமரத்தடியிலிருந்து மேஸ்திரி புறப்பட்டார். அண்டா மூடியைக் கேடயம்போல் பிடித்து, அதைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, மூன்று மொழிகளிலும் அடிவயிற்றிலிருந்து கூவிக்கொண்டு, தம் வாழ்நாளில் முதல்முறையாக நேராக ஓடினார். பன்றி திரும்பியது. ஆனால் காட்டுப் பக்கம் போகாமல், முதல் பந்தி விட்டுவிட்டு ஓடிய இலைகளின் மீது புகுந்து, உப்புமா அண்டாவைக் கவிழ்த்து, ஒரு வாய் அள்ளிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தது.

"அது யாரு அண்ணாச்சி, இந்த ஓட்டம் ஓடுது?" என்று கேட்டார் கிரேன்காரர்.

பஸ்ஸில் அன்று எழுந்த சிரிப்பை ஓட்டுநரால் தாங்க முடியவில்லை. ஒருமுறை வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். ஒருவர் பன்றியாக நடித்தார், இன்னொருவர் இலை நீட்டினார். "மாமா, சட்னி போதுமா?" "ஏம்ப்பா, கொக்கியும் கொக்கும் தெரியறவனுக்குப் பன்னி மட்டுமா தெரியல?" கிரேன்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"சார், காது தப்பு பண்ணுச்சு. சரி, பாஷை தெரியாது. கண்ணு என்னா சார் பண்ணுச்சு?"

என் சிரிப்பு நின்றது. பத்தடியில் நின்ற பன்றி ஒருவருக்குப் பரிமாறும் ஆளாகத் தெரிந்திருக்கிறது. அந்த மனிதர் மறுநாள் காலை ஷிப்டில் கூண்டில் ஏறுவார். டன் கணக்கில் இரும்பு, கீழே வேலை செய்பவர்களின் தலைக்கு மேலாகப் போகும்.

"மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லியாகணும்" என்றேன்.

"சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்லல. மொதல்ல அவன்கிட்ட ஒருவாட்டி கேட்டுக்கலாம். நாளைக்குக் காலைலதான ஏறப்போறான், இன்னும் பொழுது கெடக்கு."

ஆலை வாசலில் பாத்திரங்களை இறக்கும் சாக்கில் எங்கள் இருவரையும் அவர் நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையானதால் கேன்டீன் காலியாக இருந்தது. மேஸ்திரி சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரிலிருந்த பலகையில் ஏதோ எழுதினார். பிறகு வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த கிரேன்காரரைப் பார்த்து, "நாளைக்கு என்னா மெனு, படிச்சுச் சொல்லு தம்பி" என்றார்.

அவர் தயங்கவில்லை. "சாம்பார், அவரைக்காப் பொரியல், ரசம். திங்கக்கிழம வழக்கந்தானே அண்ணாச்சி."

பலகையில், பெரிய எழுத்துகளில் இருந்தது: உப்புமா, பன்னி தின்னது போக மீதி.

நான் அதை வாசித்துக் காட்டினேன். கிரேன்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கையிலிருந்த மந்தாரை இலையை அப்போதும் கீழே போடாமல் வைத்திருந்தார். அதை நான்காக மடித்தார்.

"வேலையில சேரும்போதே இப்பிடித்தான் சார். கண்ணு டெஸ்ட்டுல எனக்கு முன்னாடி நின்னவன் பலகையைப் படிச்சதைக் கேட்டு, டாக்டர்கிட்ட அப்பிடியே ஒப்பிச்சுட்டேன். அப்ப இவ்வளவு மோசமில்ல. வருசமாக வருசமாக மங்கலாகிட்டு."

"கிரேன்ல எப்பிடி ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

"கீழ நிக்கிற அண்ணன் வெள்ளைக் கையுறை போட்டிருக்காக. கை ஆடுறது தெரியும் சார்." மடித்த இலையை மேசைமேல் வைத்தார். "விரல்தான் தெரியாது."

விரலைச் சுழற்றினால் தூக்கு, மடக்கினால் மெதுவாக, விரித்தால் நிறுத்து.

"கண்ணாடி போட்டாத் தெரியுமே தம்பி!" என்றார் மேஸ்திரி.

"கண்ணாடி போட்டவன மேல ஏத்த மாட்டாக அண்ணாச்சி. எனக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணாடி கேட்டாராம், தோட்டத்துக்குத் தண்ணி ஊத்த அனுப்பிட்டாகளாம். எனக்கு இன்னும் நிரந்தரம்கூட ஆகல. போன்னு சொல்லிட்டா, எந்த மொகத்தோட ஊருக்குப் போவேன்?"

கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் கிரேன் ஓட்டத் தடையில்லை என்றுதான் எங்கள் விதி சொன்னது. ஆனால் விதி அலுவலகத்துக்குள் இருந்தது. வதந்தி ஆலை முழுவதும் இருந்தது. நான் இதைச் சொல்லிவிட்டு, "எது எப்பிடி இருந்தாலும் நாளைக்கு நீங்க மேல ஏறக்கூடாது. நீங்களே போய் டாக்டர்கிட்ட சொன்னா, நான் கூட நிப்பேன். நீங்க சொல்லலன்னா, நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்றேன். உத்தரவாதம் எதுவும் என்னால் கொடுக்க முடியவில்லை. மறைத்து வேலை வாங்கியவர் என்று நிர்வாகம் அவரை அனுப்பிவிடவும் வாய்ப்பு இருந்தது.

அவர் மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரி அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "ரெண்டு வருசமா உன்னத்தான் கேட்டுக்கிட்டிருக்கன். கடைசி எலைக்கு வந்துச்சா, வந்துச்சான்னு. நீயும் வந்துட்டு வந்துட்டுன்னு சொன்ன. ஒண்ணுகூட வரல, இல்ல?"

"ஒண்ணுகூட வரல அண்ணாச்சி."

"அப்பறம் எதுக்குப்பா மாசாமாசம் வந்த?"

"நீங்க கேக்கீகள்ல, அதுக்குத்தான்."

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே உரிய அதட்டலோடு சொன்னார்: "இங்க பாரு. வரலன்னா கையத் தூக்கணும். தூக்கினாத்தான் வாளி திரும்பி வரும். நீ மோரை ஊத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா, பசி உனக்கு, கெட்ட பேரு எனக்கு. தூக்கு கைய."

"இப்பவா?"

"இப்பவே. ஒத்திகை பாத்துக்க."

காலியான கேன்டீனில், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல, கிரேன்காரர் மெல்லக் கையைத் தூக்கினார்.

மறுநாள் காலை ஷிப்டு தொடங்கும் முன்பே அவர் ஆலை மருத்துவரிடம் போய்த் தாமே சொன்னார். நான் கூட நின்றேன். அன்றே அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அதன்பிறகு வந்த வாரங்கள் எனக்கும் நிம்மதியாக இல்லை. நிர்வாகத்தில் ஒருவர், முதலிலேயே ஏமாற்றியவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால், இதேபோல் மறைத்துக்கொண்டிருக்கும் அடுத்தவர் ஒருநாளும் வாய் திறக்க மாட்டார்; அவர் எந்த இயந்திரத்தில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது என்று நான் வாதாடினேன். முடிவு தெரியாமல் நாட்கள் போயின. கிரேன்காரர் கேன்டீனுக்கு வரும்போதெல்லாம் மேஸ்திரி பலகையை உரக்க வாசித்துக் காட்டுவார். முதல் சில நாள் அது கேலிபோல் இருந்தது. பிறகு பார்த்தால், ஆலையே சாப்பாட்டுத் தட்டோடு நின்று, மெனுவைக் கேட்டுவிட்டு உட்காரப் பழகிவிட்டது.

கண்ணாடி வந்தது. மறுசோதனை நடந்தது, இம்முறை எழுத்துப் பலகையை மாற்றிவைத்துக் கேட்டார்கள். கண்ணாடியோடு மீண்டும் கிரேனில் ஏறலாம், வேலையும் நிரந்தரம் என்ற உத்தரவு ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. அடுத்த வாரம் வேறு மூன்று பேர் மருத்துவரிடம் கண்ணைக் காட்டப் போனார்கள்; அதில் ஒருவர் எங்கள் பஸ் ஓட்டுநர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியர்க்கும்.

உத்தரவு வந்த மறுநாள் ஏரிக்குப் போகும் ஞாயிறு. கரண்டிவாயன்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. கறுப்புச் சட்டமிட்ட தடித்த கண்ணாடியோடு கிரேன்காரர் பழக்கம்போல் வரிசையின் கடைசிக்குப் போனார். மேஸ்திரி அவர் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னிக்குக் கடைசி எலையிலருந்து பரிமாறறன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"மேஸ்திரி, அவன் சட்னி கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்றது ஒரு குரல்.

"கரண்டி அங்கயே இருக்குப்பா. அதுங்களே வைக்கும்."

பைனாகுலரைக் கிரேன்காரர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை. ஏரியைப் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை. கரையோரம் நின்ற புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வரிசை காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை, அந்தப் பழக்கம் எங்களுக்கு ஏற்பட்டுவிட்டிருந்தது.

மேஸ்திரி கழுத்தை நீட்டிக் கேட்டார்: "என்னாப்பா? கடைசி எலைக்கு வந்துச்சா?"

"மரத்துல ஒவ்வொரு எலையும் தனித்தனியா இருக்கு அண்ணாச்சி" என்றார் அவர், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உச்சாணிக் கொப்புல கடைசி எலை வரைக்கும் வந்துட்டு."

பைனாகுலர் வரிசை முழுவதும் போயிற்று. எல்லோரும் பார்த்தாகிவிட்டது, பஸ் புறப்படவும் நேரம் இருந்தது. சுற்றிக்கொண்டு தம் கைக்கே திரும்பி வந்த பைனாகுலரை அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டை உதறிக் கரையில் விரித்து, கரண்டியைப் பக்கத்தில் வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, முதன்முறையாக அதைக் கண்ணில் வைத்தார்.

"என்னா சார் இது?" என்று கூவினார். "இவ்ளோண்டு கடுகாட்டம் தெரியுது! இதையா ரெண்டு வருசமா எல்லாருக்கும் பரிமாறிக்கிட்டிருந்தன்?"

கிரேன்காரர் குனிந்து பார்த்தார். புதுக் கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டு, மேஸ்திரியின் கையிலிருந்ததை மெல்லத் திருப்பிப் பிடித்தார்.

"மாத்திப் புடிச்சிருக்கீக அண்ணாச்சி. இப்பப் பாருங்க."

மேஸ்திரி மறுபடி கண்ணில் வைத்தார். பிறகு ஏரிக்கரை அதிர, கரண்டிவாயன்கள் அத்தனையும் ஒன்றாக மேலே எழும்ப, தெலுங்கில் வெடித்தது அந்தக் குரல்:

"சூடு! சூடு!"